பனிமலையும் ஆற்றுணாவும்

புதியதோர் ஊரில் கால் வைக்கும் மனிதர் முதலில் வினவுவது அவ்வூரின் வரலாற்றை அன்று. உண்ண நல்ல இடம் எது என்பதைத்தான். கோட்டையும் கோயிலும் ஏரியும் அருவியும் மறுநாள்வரை காத்திருக்கும். வயிறு காத்திராது. அதிலும் சென்ற இடம் குளிர்மலையாக இருந்துவிட்டால் வினா இன்னும் கூர்மை பெறும். குளிரில் உடல் சூடு தேடும். மலையேற்றத்தில் பசி விரைந்து வரும். சமைத்த சோறோ இலையில் விழுமுன் ஆறிவிடும்.

இவ்வினாவை எளியதென்று கருதி நம் முன்னோர் ஒதுக்கிவிடவில்லை. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்களாகும். திருமுருகாற்றுப்படை நீங்கலாக ஏனைய நான்கும், பரிசில் பெற்று மீளும் கலைஞர் வறுமையில் வாடும் கலைஞரைக் கண்டு வள்ளலின் ஊருக்கு வழி காட்டுவனவாக அமைந்தவை. அவர்கள் வழியோடு உணவையும் சேர்த்தே கூறினர். இன்ன நிலத்தில் இன்னார் வாழ்வர், அவர் மனையில் இன்ன சோறு கிடைக்கும் என்று நிலந்தோறும் சொல்லிச் செல்லும் பெரும்பாணாற்றுப்படையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம், இது புலவர் எழுதிய பயணக் கையேடு அன்றோ என்று மாணவர் வியப்பதைக் கண்டிருக்கின்றோம்.

மலைப்பயணத்துக்கென்றே அமைந்த ஆற்றுப்படை மலைபடுகடாம் ஆகும். பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய இந்நூல் 583 அடிகளை உடையது. செங்கண்மாவின் தலைவன் நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு வழி கூறுவது. செங்கண்மா என்பது இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் என்பர். காட்டுப் பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கெங்கு உள்ளன, வழுக்கும் பாறை எது, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு எவ்வாறு தப்புவது என எச்சரிக்கை பல கூறும் புலவர், உணவையும் மறவாது கூறுகின்றார். நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச்சோறும் ஓரிடத்தில். மூங்கில் அரிசியும் புளியும் மோரும் சேர்ந்த உணவு வேறோரிடத்தில். இவற்றினும் நம் நெஞ்சைத் தொடுவது அவர் கூறும் ஒரு நெறியாகும். மலைவாழ் மக்களின் வீட்டு வாயிலில் தயங்கி நில்லாது, தம் சொந்த வீட்டினுள் புகுவது போலப் புகுந்து, உறவினரைப் போல் உரிமையோடு பழகலாம் என்கின்றார். எங்கே உண்பது என்னும் வினாவுக்கு அன்று கிடைத்த விடை ஒரு கடையின் பெயரன்று. ஒரு வீட்டின் வாயில்.

நம் புதுக்கோட்டை மாவட்டம் பெரிதும் செம்மண்ணும் கண்மாயும் பொட்டலுமாகப் பரந்த சமவெளி. நார்த்தாமலை, குடுமியான்மலை, சித்தன்னவாசல் என மலைப்பெயர் தாங்கியவை உண்டெனினும் அவை குன்றுகளே. மார்கழி விடியலில் வயல்மேல் படியும் பனியன்றி வேறு பனி நாம் அறியோம். ஆயினும் பொன்னமராவதியைக் கடந்து எல்லை தாண்டியதும், சிவகங்கை மாவட்டத்தில் பிரான்மலை எழுந்து நிற்கின்றது. பாரியின் பறம்பு மலை இதுவே என்பர். உழவர் உழாமலே பறம்பில் விளையும் உணவுகள் நான்கு எனப் புறநானூற்றின் 109ஆம் பாடலில் கபிலர் எண்ணிக் காட்டுகின்றார். மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என்பன அவை. மூவேந்தர் முற்றுகையிட்டாலும் அம்மலையின் மக்கள் பசியறியார் என்பது புலவர் துணிபு. அதே மலையின் அடிவாரத்தில் சைவத் திருமுறையில் இடம்பெற்ற கொடுங்குன்றத் திருக்கோயிலும், உச்சியில் சேக் அப்துல்லா வலியுல்லாஹ்வின் தர்காவும் இருக்கின்றன. தர்காவுக்கு மேலேறுவோர் நீரும் கட்டுச்சோறும் சுமந்தே செல்ல வேண்டும். ஏறும் வழியில் ஒருவர் குடம் மற்றவர் தாகம் தீர்ப்பதும், ஒருவர் பொதி மற்றவர் பசி தீர்ப்பதும் இயல்பு. மலையில் தனியே உண்பவர் குறைவு.

இவ்வளவும் ஏட்டுச் செய்தி என்று மாணவர் எண்ணலாகாது. ஏட்டிலிருந்து அடுப்புக்கு வருவோம்.

நம் துறை மாணவரைக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லும் பொறுப்பு பல ஆண்டுகளாக நம்மிடம் இருந்து வருகின்றது. ஓராண்டு கொடைக்கானல் செல்வதென முடிவாயிற்று. 1845ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து சென்ற அமெரிக்கச் சமயப் பணியாளர்கள் கோடைக்காலத்தில் தங்குவதற்காக அமைத்த குடியிருப்பே இன்று நாடறிந்த குளிர்நகரமாக வளர்ந்திருக்கின்றது. அதன் நடுவே விளங்கும் ஏரி 1863இல் லெவிஞ்ச் என்னும் ஆங்கிலேய அதிகாரியால் உருவாக்கப்பெற்றது. கதிரவனை ஆராயும் வான்காணகம் 1899இல் தோன்றியது. இவற்றையெல்லாம் மாணவர்க்குச் சொல்லிக்கொண்டே பொன்னமராவதி, நத்தம், திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாக மலையேறினோம்.

சுற்றுலாக் கட்டணம் பேருந்துக்கும் தங்குவதற்கும் மட்டுமே. உணவு அவரவர் செலவு என்பது நெடுங்கால வழக்கம். நண்பகலில் ஏழு சாலைச் சந்திப்பில் பேருந்து நின்றதும் நாற்பது மாணவரும் நான்கு கூட்டமாகப் பிரிந்தனர். கையில் பணமும் கட்டுப்பாடின்மையும் உடையோர் பெரிய உணவகம் நோக்கி நடந்தனர். இறைச்சி ஹலாலானதா என்று வினவ வேண்டியிருந்த முஸ்லிம் மாணவர்கள் கடை கடையாக ஏறி இறங்கினர். கார்த்திகை மாதம் ஆதலின் மாலையணிந்து விரதம் பூண்ட மாணவர் இருவர், அசைவம் சமைக்காத கடை தேடிப் போயினர். எஞ்சிய நால்வர் ஏரிக்கரைக் கம்பியைப் பிடித்தவாறு நின்றனர். "பசியில்லை ஐயா" என்றனர். நால்வருக்கும் ஒரே நேரத்தில் பசியற்றுப்போவது மருத்துவ நூல் அறியாத நோயாகும். அவர்களுள் ஒருவர் ஆலங்குடிப் பக்கத்துக் கூலிக் குடும்பத்தவர். மற்றொருவர் தந்தையை இழந்தவர். சுட்ட சோளக்கதிர் வாங்கி அவர்களோடு அமர்ந்து உண்டோம். மலையின் அழகைப் பற்றி அவர்கள் பேசினர். உணவைப் பற்றி ஒரு சொல்லும் எழவில்லை.

ஊர் திரும்பியபின் துறைக் கூட்டத்தில் இதனை எடுத்துரைத்தோம். ஒரு வகுப்பில் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே பாடலைக் கற்றவர்கள், உணவு வேளையில் பணத்தாலும் விரதத்தாலும் மார்க்கத்தாலும் நான்காகப் பிரிவது ஏன் என்பது நம் வினா. கல்லூரியின்பால் அன்புடைய ஊர்ப் பெரியவர் ஒருவர் அதற்கு விடை தந்தார். "நம் வீட்டுக் கல்யாணத்தில் செய்வதை மலையிலும் செய்யுங்கள் வாத்தியாரே" என்றார். சொன்னதோடு நில்லாமல் தேக்சா இரண்டும், பெரிய சகன் தட்டுகள் பத்தும், பண்டாரி ஒருவரையும் அனுப்பி வைத்தார்.

சகன் என்பது இளைய தலைமுறைக்கு முழுதும் அறிமுகமாகாமல் இருக்கலாம். நம் கடற்கரை ஊர்களின் முஸ்லிம் இல்ல விருந்துகளில், அகன்ற தட்டொன்றில் சோற்றைக் குவித்து, நால்வரோ ஐவரோ சுற்றியமர்ந்து உண்பது மரபு. செல்வரும் ஏழையும், முதலாளியும் பணியாளரும் ஒரே தட்டில் கை வைப்பர். யார் எவ்வளவு உண்டார் என்னும் கணக்கு அங்கு எழாது. பனிச்சறுக்குக்குப் பெயர்பெற்ற குல்மார்க் இருக்கும் காஷ்மீரத்திலும் இதே வழக்கம் உண்டு. அங்கே வாஸ்வான் என்னும் பெருவிருந்தில் திராமி எனப்படும் செப்புத் தட்டைச் சுற்றி நால்வர் அமர்கின்றனர். கடலோர மரபும் பனிமலை மரபும் ஒரே தட்டில் சந்திப்பது எண்ணி மகிழத்தக்கது.

மறுமுறை கொடைக்கானல் சென்றபோது, தங்கிய விடுதியின் பின்கட்டில் உரிமையாளரின் இசைவோடு அடுப்பு மூட்டினோம். விரதம் பூண்டோர்க்குப் புதுப்பாத்திரத்தில் முதலில் சமையல். அதனை மாணவர் சிலரே முன்னின்று செய்தனர். அதன்பின் மற்றவர்க்கு நெய்ச்சோறும் ஆணமும் தால்சாவும். சகனில் அமர்வது அவரவர் விருப்பம். இலை வேண்டுவோர்க்கு இலை. மாணவியர் தமக்கெனத் தனிவட்டம் அமைத்துக்கொண்டனர். தொடக்கத்தில் தயங்கி இலை கேட்ட சிலர், இரவு உணவின்போது தாமாகவே சகனைச் சுற்றி அமர்ந்ததைக் கண்டோம். பசியில்லை என்று கூறுவதற்கு அங்கே ஒருவருக்கும் வாய்ப்பில்லை.

ஓர் இடர் மட்டும் நேர்ந்தது. தால்சாவுக்கு இட்ட பருப்பு வேகவே இல்லை. சமவெளியில் ஆயிரம் கல்யாணம் கண்ட பண்டாரி பாய், "இந்த ஊர்த் தண்ணிக்கு வீம்பு அதிகம்" என்று அலுத்துக்கொண்டார். உடன் வந்திருந்த இயற்பியல் பேராசிரியர் காரணம் விளக்கினார். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயரம் கூடக் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைய நீர் கொதிக்கும் வெப்பமும் குறையும். சமவெளியில் 100 பாகையில் கொதிக்கும் நீர் அங்கே 93 பாகை அளவிலேயே கொதித்துவிடுகின்றது. எவ்வளவு விறகிட்டாலும் திறந்த பாத்திரத்து நீர் அதற்குமேல் சூடேறாது. ஆகவே பருப்பு வேக நெடுநேரம் பிடிக்கும். அடுத்த ஆண்டு முதல், முந்திய இரவே பருப்பை ஊறவைத்து, அழுத்தக் கொதிகலமாகிய குக்கரில் இட்டு இறக்கினோம். மலைச்சமையலில் இலக்கியத்துக்கு இயற்பியல் துணை வேண்டும் என்பதை அன்று மாணவர் கண்டனர்.

மலையில் உண்ண விரும்புவோர் அம்மலை தருவதையும் உண்ணல் வேண்டும். பூம்பாறைப் படிக்கட்டு வயல்களில் விளையும் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. கீழ்ப்பழனி மலைச்சரிவில் விளையும் விருப்பாச்சி வாழைக்கு அச்சிறப்பு முன்னரே கிட்டிற்று. பேரிக்காயும் பிளம்ஸும் பருவத்தில் மலிவு. பூண்டை வாங்கி வந்து தால்சாவில் இட்டபோது, அதன் மணம் பக்கத்து விடுதியினரையும் அழைத்து வந்தது; அவர்களுக்கும் ஒரு சகன் போயிற்று.

இனி, இக்கட்டுரைக்குத் தலைப்புத் தந்த பனிமலைக்கு வருவோம். நம்மிடம் பகுதி ஒன்றில் தமிழ் பயின்ற கணினி அறிவியல் மாணவர் ஒருவர், மீமிசலை அடுத்த கடற்கரை ஊரினர், இப்போது ஜப்பானில் பணிபுரிகின்றார். சுற்றுலாவில் நம்மோடு சகனில் அமர்ந்தவர்களுள் அவரும் ஒருவர். சென்ற குளிர்காலத்தில் அவருடைய அலுவலகத்தார் அனைவரையும் நாகானோ மாநிலத்து ஹகுபா என்னும் மலையூருக்கு அழைத்துச் சென்றனர். 1998ஆம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக்கின் பனிச்சறுக்குத் தாவல் போட்டிகள் நடைபெற்ற ஊர் அது. அங்கிருந்து அவர் குரற்பதிவு ஒன்றை நமக்கு அனுப்பினார். பனியின் அழகைக் கூறிய பின் அவர் கேட்டது இதுதான்: "ஐயா, இந்த மலையில் நான் எங்கே உண்பது?"

அவருடைய இடர் உண்மையானது. பனிச்சரிவை அடுத்த உணவுக்கூடங்களில் கிடைப்பவை பெரும்பாலும் ராமென் என்னும் நூலடைச் சாறு, உதொன் என்னும் தடித்த மாவிழை, வறுவல்கள், கறிச்சோறு ஆகியன. ராமென் சாறு பல இடங்களில் பன்றி எலும்பைக் கொதிக்கவைத்து எடுப்பது. இனிப்புச் சுவைக்காகப் பல குழம்புகளில் மிரின் என்னும் அரிசி மதுவைச் சேர்ப்பர். மீன் என்று நம்பி உண்ணவும் இயலாது. மீனைத் தோய்த்த சாற்றில் மது இருக்கலாம். கறிச்சோறோ நம் நாட்டின் பெயரைத் தாங்கியது. மெய்ஜி காலத்தில் ஆங்கிலேயர் வழியாக ஜப்பானுக்குள் சென்ற கறி, இன்று அந்நாட்டவரின் அன்றாட உணவாகிவிட்டது. 1915இல் அங்கே அடைக்கலம் புகுந்த நம் விடுதலை வீரர் ராஷ் பிஹாரி போஸ், டோக்கியோவின் நகமுராயாவில் இந்திய முறைக் கறியை 1927இல் அறிமுகப்படுத்தக் காரணமானவர். ஆயினும் கடையில் விற்கும் கறிக்கட்டிகள் பலவற்றில் விலங்குக் கொழுப்பு கலந்திருக்கும். பெயரால் மிக அருகில் நிற்கும் உணவு, நம் மாணவர்க்கு மிகத் தொலைவில் நின்றது.

முதல் நாள் அவர் வெறுஞ்சோற்றில் உப்பிட்டு உண்டார். பையில் அன்னையார் கட்டித்தந்த பருப்புப் பொடி இருந்தது. பலர் நடுவே அதனை எடுக்கக் கூச்சம். அலுவலகத்து மூத்தவர் ஒருவர் இதனைக் கண்டு, உடல்நலம் இல்லையோ என வினவினார். மாணவர் தயக்கத்தோடு காரணம் கூறினார். மூத்தவர் மறுமொழி எதுவும் கூறவில்லை. மறுநாள் விடியலில், பனி கொட்டும் நேரத்தில், அம்மனிதர் சிறுகடை ஒன்றுக்கு நடந்து சென்று, அங்கே விற்கும் சோற்றுருண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, உறையில் பொடியெழுத்தில் அச்சிட்ட சேர்பொருள் பட்டியலை மூக்குக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் படித்து, மதுவும் இறைச்சியும் கலவாதவற்றைத் தேர்ந்து வாங்கி வந்து நம் மாணவர் கையில் தந்தாராம். உப்பிலிட்ட பழம் உள்ளே வைத்த உருண்டை அது; ஒனிகிரி என்பர். "ஐயா, நம் கட்டுச்சோறும் ஊறுகாயும் போலவே இருந்தது" என்று மாணவர் கூறும்போது குரல் தழுதழுத்தது.

அன்றிரவு தங்கிய விடுதியில், கூச்சம் நீங்கிய மாணவர் பருப்புப் பொடியை எடுத்து, சுடுசோற்றில் நெய்யூற்றிப் பிசைந்து அனைவர்க்கும் ஆளுக்கொரு பிடி அளித்தார். மூத்தவர் இருமுறை கை நீட்டினார். தன் தட்டை நடுவில் வைத்துச் சகன் முறையை விளக்கியபோது, அவர்களுள் சிலர் வியந்து சிரித்தனராம். சிலர் உண்மையாகவே கரண்டியோடு நெருங்கி வந்தனராம்.

நம் மாணவர்க்கு நாம் அனுப்பிய விடை சுருக்கமானது: "எங்கே உண்பது என்று இனிக் கேட்க வேண்டா, அந்த மூத்தவர் இருக்கும் இடத்தில் உண்க."

ஈண்டு ஒரு நூற்கருத்தை எண்ணிப் பார்க்கத் தோன்றுகின்றது. ஆற்றுணா என்பது வழியிடை உணவுக்குரிய பழந்தமிழ்ச் சொல். நிரம்பக் கற்றவர்க்கு எந்நாடும் தம் நாடே ஆதலின் அவர்க்கு ஆற்றுணாவே தேவையில்லை என்று பழமொழி நானூறு கூறுகின்றது. கல்வியின் பெருமைக்கு இதனினும் உயர்ந்த சான்று வேண்டா. ஆயினும் நம் பிள்ளைகள் இன்று செல்லும் நாடுகளில், கல்வி வேலையைத் தரும், ஊதியத்தைத் தரும், உறையில் அச்சிட்ட பட்டியலை நமக்காகப் படிக்கும் ஒரு மனிதரைத் தருவது கல்வி மட்டுமன்று. தன் உணவு நெறியைத் தலைகுனியாமல் கூறும் துணிவு விருந்தினரிடமும், அதனைக் கேட்டு முகஞ்சுளிக்காத பண்பு விருந்தளிப்போரிடமும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் கூடுமிடத்தில்தான் எந்நாடும் தம் நாடாகும். இஸ்லாம் ஸகாத் பெறுதற்குரிய எண்வகையினருள் வழிப்போக்கரையும் வைத்தது இக்குறிப்பினாலேயே என்று கொள்ளலாம். தன் ஊரில் செல்வராக இருப்பவரும் வழியில் ஏழையாவர். அவர்க்கு முதலில் வேண்டுவது, அவர் எதை உண்ணார் என்று அறிந்துகொள்ள முன்வரும் ஒருவர்.

வெளியூர் செல்லும் மாணவர்க்குப் பட்டறிவால் சிலவற்றைக் கூறி அமைகின்றோம். மலைக்குச் செல்வோர் சமவெளியிலேயே ஒரு வேளை நிறைய உண்டு ஏறுக. கொடைக்கானலுக்கும் உதகைக்கும் 2024 மே மாதத்தில் இணையவழி அனுமதிச்சீட்டு முறை வந்தது. புறப்படுமுன் விதிகளைக் கேட்டறிந்து செல்க. பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் பையில் இருக்கட்டும். அவற்றைப் பலர் முன் எடுக்க நாணவேண்டா. உண்ணாத பொருளின் பெயரை அந்நாட்டு மொழியில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்க. எவரேனும் "பசியில்லை" என்றால் ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள். அவர் தட்டருகே அமர்ந்து கேளுங்கள்.

இவ்வாண்டுச் சுற்றுலாவுக்குப் பெயர் தரும் மாணவ மாணவியர், தம் பெயருக்கு எதிரே தாம் உண்ணாத பொருள்களையும் எழுதித் தருமாறு வேண்டுகின்றோம். அப்பட்டியலைப் படித்து முடித்த பின்னரே பண்டாரி பாய் உலை வைப்பார்.